பதிமூன்று டிகிரிக்கு ஒரு ஹீட்டர்

திருநெல்வேலியில் பெருமாள்புரத்திலோ தியாகராஜநகரிலோ வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் எல்லா அறையையும் காட்டிவிட்டுக் கடைசியாகக் குளியலறைக் கதவைத் தள்ளி அண்ணாந்து பார்க்கச் சொல்வார். சுவரில் வெள்ளையாக ஒரு பீப்பாய் தொங்கும். "இருபத்தஞ்சு லிட்டர் சார். எத்தனை பேரு வேணும்னாலும் குளிக்கலாம்லா" என்பார். கரண்ட் பில் நம் பொறுப்பு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் பார்த்தால் வாடகை வீட்டு ஹீட்டரின் பொருளாதாரம் பாதி விளங்கிவிடும். வாங்குகிறவர் ஒருவர், மாதாமாதம் அதற்குச் செலவழிக்கிறவர் இன்னொருவர். கடையில் விலை குறைந்தது எதுவோ அதை வாங்குவதுதான் வீட்டுக்காரருக்கு லாபம். அது எவ்வளவு மின்சாரத்தை வீணாக்கும் என்று யோசிக்க அவருக்குக் காரணமே இல்லை.

மீதிப் பாதி இயற்பியல். திருநெல்வேலியில் தண்ணீர் எப்போதும் ஓரளவு சூடாகவே இருக்கிறது. மார்கழி, தை விடியலில்கூடப் பாளையங்கோட்டையில் வெப்பநிலை வழக்கமாக 22, 23 டிகிரியை ஒட்டியே இருக்கும். மற்ற மாதங்களில் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் 27 டிகிரியை ஒட்டி வரும். இதமான குளியலுக்கு 40 டிகிரி போதும். ஆக, நம் ஊர் ஹீட்டர் செய்யவேண்டிய வேலை வெறும் பதிமூன்று டிகிரி. தாமிரபரணியின் பிறப்பிடப் பக்கம், மாஞ்சோலைக்கும் மேலே ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்களில் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கே வேலை இருபத்தைந்து டிகிரி. ஹீட்டர்களோ மலைக்கும் சமவெளிக்கும் ஒரே மாதிரிதான் விற்கப்படுகின்றன.

நெல்லைக்காரர்களுக்கு வெந்நீர்க் குளியல் தினசரிப் பழக்கமாக இருந்ததில்லை. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் என்று படித்துறைகள் இருக்கும்போது யார் அடுப்பு மூட்டுவார்கள்? காய்ச்சல்காரருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், எண்ணெய் தேய்த்துக்கொண்டவருக்கும்தான் விறகடுப்பில் அண்டா ஏறும். வசதியான வீடுகளில் நடுவில் கரி போடும் செம்பு பாய்லர் இருந்தது. ஊர் ஆற்றைவிட்டு விலகி காலனி காலனியாக வளர்ந்த பிறகுதான் வெந்நீர் ஒரு சுவிட்சின் தூரத்துக்கு வந்தது.

அந்த சுவிட்சுக்குப் பின்னால் இருப்பதும் இதே ஆறுதான். பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களுக்கு அடுத்து, 1944-இல் பாபநாசத்தில் தாமிரபரணியின் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். விழுகிற தண்ணீரின் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால் எவ்வளவு சூடாகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஜூல் இந்தக் கேள்வியைத்தான் துரத்திக்கொண்டிருந்தார். இன்றைய அளவீட்டில் விடை இது: 427 மீட்டர் விழுந்தால்தான் தண்ணீர் ஒரே ஒரு டிகிரி சூடாகும். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஓர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி, அதாவது 18 லிட்டர் தண்ணீரை 27-இலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, அந்த ஆற்றிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் விழவேண்டும். அதுவும் டர்பைனிலும் கம்பியிலும் ஒரு சொட்டு ஆற்றலும் வீணாகாமல்! பாபநாசம் நிலையத்தின் மொத்தத் திறன் 32 மெகாவாட். 2 கிலோவாட் ஹீட்டர்கள் பதினாறாயிரம் ஒரே நேரத்தில் எரிந்தால் அந்த நிலையம் முழுக்க அதற்கே சரியாகிவிடும். 2011 கணக்கெடுப்பிலேயே நாலே முக்கால் லட்சம் பேர் இருந்த மாநகராட்சியில், காலை ஆறரை மணிக்குப் பதினாறாயிரம் ஹீட்டர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. தண்ணீரைச் சூடாக்குவதைப் போல ஆற்றலை விழுங்கும் வேலை வீட்டில் வேறு அதிகம் இல்லை.

இனி நம் மீட்டருக்கு வருவோம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி. எனவே 18 லிட்டர், பதிமூன்று டிகிரி என்றால் 234 கிலோ கலோரி; கால் யூனிட்டுக்குச் சற்று மேல். இதுதான் ஒரு குளியலின் அசல் விலை. இதைக் குறைக்கக் குறைவான தண்ணீரில் குளிக்கவேண்டும், அல்லது சூட்டைக் குறைத்துக்கொள்ளவேண்டும். எந்த நட்சத்திர முத்திரை ஹீட்டரும் இதில் கை வைக்க முடியாது. ஏனென்றால் தண்ணீருக்குள் மூழ்கிய கம்பிச் சுருள் தான் வாங்கும் மின்சாரம் அனைத்தையும் வெப்பமாக்கித் தண்ணீருக்கே கொடுத்துவிடுகிறது. வாளிக்குள் போடும் ஐந்நூறு ரூபாய் ராடும் பத்தாயிரம் ரூபாய் ஹீட்டரும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். வோல்டேஜ் குறைந்தாலும் கணக்கு மாறாது. மெதுவாகக் காயும், அவ்வளவே.

அப்படியென்றால் நட்சத்திரங்கள் எதைக் குறிக்கின்றன? காய்ந்த தண்ணீர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பத்தை. எரிசக்தித் திறன் பணியகத்தின் லேபிளில் '24 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட்' என்று ஓர் எண் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் 45 டிகிரி வித்தியாசம் வைத்து அளந்த இழப்பு அது. நல்ல 15 லிட்டர் ஹீட்டரில் அரை யூனிட்டை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் குளியலறையின் காற்று 28 டிகிரி. தெர்மோஸ்டாட் 60-இல் இருந்தால் வித்தியாசம் 32. இழப்பு இந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கூடிக் குறைவது. ஆக ஒரு நாளைக்கு 0.36 யூனிட் வரும். நாள் முழுக்க சுவிட்சைப் போட்டே வைத்திருக்கும் தனியாள் வீட்டில், குளிக்கச் செலவானது 0.27, குளியலறைச் சுவரைச் சூடாக்கச் செலவானது 0.36. பழைய, மலிவான, 25 லிட்டர் பீப்பாயாக இருந்தால் இந்த இரண்டாவது எண் இரட்டிப்பாகவும் வாய்ப்புண்டு.

குளிர் ஊரில் இந்த விகிதம் இவ்வளவு மோசமாகத் தெரியாது. அங்கே குளியலின் அசல் விலையே அதிகம். நம் ஊரில் அசல் சின்னது, வட்டி பெரிது.

சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் 'முதலில் இழுக்கிற கரண்ட்' அதிகம், போட்டே வைப்பதுதான் சிக்கனம் என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்த வீட்டு மாமா சொன்னாலும் இதை நம்பவேண்டாம். மோட்டாருக்கு வேண்டுமானால் தொடக்கத்தில் அப்படி ஓர் இழுப்பு உண்டு. அதுவும் சில நொடிதான். ஹீட்டருக்கு அதுவும் கிடையாது. சூடான பொருள் எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் இழந்துகொண்டே இருக்கும். ஆறிப்போன தண்ணீர் இழக்க எதுவும் இல்லாமல் நிற்கும். நியூட்டனின் குளிர்தல் விதி சொல்வது இவ்வளவுதான். அணைத்து வைத்த நேரமெல்லாம் லாபம், விதிவிலக்கே இல்லை.

சரி, தேவைப்படும்போது மட்டும் போட்டு அணைப்பவரிடம் என்ன வீணாகிறது? மிச்சம். 15 லிட்டர் 60 டிகிரிக்குக் காய்ந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் 38 லிட்டர் கிடைக்கும். ஒரு வாளியில் குளித்து முடித்தால் பாதி வெப்பம் பீப்பாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. நல்ல காப்பு உள்ள ஹீட்டரில் மறுநாள் காலை அதில் பாதிதான் ஆறியிருக்கும். மோசமான ஹீட்டரில் முக்கால்வாசி போய்விடும். இதற்கு இரண்டு மாற்று உண்டு. தெர்மோஸ்டாட்டை 60, 70-இலிருந்து 50-க்கு இறக்குவது ஒன்று. சில ஹீட்டர்களில் அந்தத் திருகு வெளியிலேயே இருக்கும். சிலவற்றில் மூடியைக் கழற்றவேண்டும், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மற்றொன்று நேரத்தைக் கணக்கிட்டுப் போடுவது. லிட்டரை டிகிரியால் பெருக்கி, 0.07-ஆல் பெருக்கி, கிலோவாட்டால் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். 15 லிட்டர், இருபது டிகிரி, 2 கிலோவாட்: பத்தரை நிமிடம். ஒருவர் தாராளமாகக் குளிக்க அது போதும். அரை மணி நேரம் முன்னாடியே போட்டு வைக்கும் வழக்கம் உதகையிலிருந்து இறங்கி வந்ததாக இருக்கவேண்டும்.

நாலு பேர் வீட்டில் இன்னொன்றும் செய்யலாம், அடுத்தடுத்துக் குளிப்பது. அப்பா ஆறு மணிக்கு, பிள்ளைகள் ஏழரைக்கு, அம்மா பதினொன்றுக்கு என்று பிரிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மிச்சம் ஆறும். ஒருவர் விட்டுவைத்த சூட்டை அடுத்தவர் உடனே எடுத்துக்கொண்டால் கடைசி மிச்சம் ஒன்றுதான். ஆனால் இதற்காகச் சண்டை போடவேண்டாம், காரணம் கீழே.

காசுக் கணக்கில் யூனிட் எண்ணிக்கை பாதிதான் சொல்லும், எந்தப் படியில் அந்த யூனிட் விழுகிறது என்பது மீதி. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறுவது. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பிறகு காசுகள் மாறியிருந்தாலும் ஏணியின் தன்மை புரிய அது போதும். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் இன்னொரு அட்டவணைக்கு மாறிவிடுவோம்: 2.25 ரூபாய்ச் சலுகை போய் அந்த 100 யூனிட்டுக்கும் 4.50, 500-க்கு மேற்பட்டதற்கு 8 ரூபாயில் தொடங்கி மேலே.

நாலு பேர் தினமும் வெந்நீரில் குளித்தால் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 65 யூனிட். மற்ற உபயோகம் 220 யூனிட் உள்ள வீட்டில் இதன் விலை 292 ரூபாய் 50 காசு. இங்கே ஹீட்டரின் வீண் இழப்பு இருபது யூனிட் என்றாலும் 90 ரூபாய்தான். இதற்காக வீட்டில் முகம் சுளிப்பது அநாவசியம். மற்ற உபயோகமே 470 யூனிட் உள்ள வீட்டில் அதே 65 யூனிட் சேர்ந்தால் 1,545 ரூபாய் பில் 2,230 ரூபாய் ஆகிறது. அதிகம் 685 ரூபாய், யூனிட்டுக்குப் பத்தரை. அதே வெந்நீர், இரண்டு மடங்குக்கும் மேல் விலை. நம் ஊரில் 470 எப்போது வரும்? மார்கழியில் அல்ல, ஏசி ஓடும் சித்திரை, வைகாசியில். வெந்நீரே தேவைப்படாத அந்த மாதங்களில், பழக்கத்தில் போட்டு மறந்துபோன ஹீட்டர் சுவிட்ச் வருடத்திலேயே விலை அதிகமான யூனிட்டைத் தின்றுகொண்டிருக்கும். பங்குனி பிறந்ததும் அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுவது, இந்தக் கட்டுரையில் சொல்லும் வேறு எந்த யோசனையைவிடவும் காசு மிச்சப்படுத்தும் என்பது என் கணிப்பு.

தனி ஈ.பி. மீட்டர் இல்லாமல் சப் மீட்டரில் இருப்பவர்களுக்கு இந்த ஏணி கிடையாது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டோ பத்தோ ஒரே விலை வைத்து வாங்குவார். அவர்களுக்கு மார்கழியும் சித்திரையும் ஒன்றுதான், முதல் யூனிட்டிலிருந்தே சிக்கனம் பேசும். வீடு பார்க்கும்போது ஹீட்டர் எத்தனை லிட்டர் என்பதைவிட, கார்டு யார் பேரில், மீட்டர் தனியா என்று கேட்பது பிரயோசனம்.

ஹீட்டர் இல்லாத வீட்டுக்கு நாமே ஒன்று வாங்கி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவதென்றால், திருநெல்வேலிக்கு 3 லிட்டர், 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் போதும். அது நிமிடத்துக்கு 43 கிலோ கலோரி கொடுக்கும். நம் பதிமூன்று டிகிரிக்கு ஐந்தரை நிமிடத்தில் வாளி நிறைந்துவிடும்; 15 டிகிரித் தண்ணீர் வரும் மலையில் அதற்குப் பத்தரை நிமிடம் நிற்கவேண்டும். மிச்சமாக நின்று ஆறுவது மூன்றே லிட்டர். ஆனால் அது 13 ஆம்பியர் இழுக்கும். பவர் பிளக், அதற்கேற்ற தடிமனான வயர் இரண்டும் இல்லாத பழைய டவுன் வீடுகளில் இதை மாட்டக்கூடாது.

ராடைப் பற்றி நான் இரண்டு மனமாகத்தான் எழுதுகிறேன். ஆற்றல் கணக்கில் அதை அடிக்க ஆள் இல்லை. வேண்டிய வாளி, வேண்டிய சூடு, மிச்சம் பூஜ்ஜியம். ஆனால் வாளித் தண்ணீருக்குள் 230 வோல்ட்டை இறக்கும் பொருள் அது. பிளாஸ்டிக் வாளி, ராடில் குறித்த அளவுக்கோடு மூழ்கும்வரை தண்ணீர், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகே விரலை நனைப்பது என்ற மூன்றில் ஒன்று தவறினாலும் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். சுவர் ஹீட்டரானாலும், குடிபோகும் முன் எர்த் சரியாக இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அறுத்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச் பலகையில் இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். குளிக்க இறங்கும் முன் சுவிட்சை அணைத்துவிடுவது காசுக்கும் உயிருக்கும் நல்லது. காயும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்து ஹீட்டர் ஒழுகுகிறது என்று அடைத்துவிடாதீர்கள். 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது ஒரு டம்ளர் அளவு பெருக்கும். அதற்கு வெளியே வர ஒரு வழி வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை இறக்கச் சொன்னேன். அதற்கு ஓர் எல்லை உண்டு. 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்கள் பலர் நிமோனியா கண்டு இறந்தார்கள். காரணமான பாக்டீரியாவுக்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீர் அதற்கு உகந்தது. 60-இல் அது தாங்காது. சேமித்து வைக்கும் வெந்நீரை 60 டிகிரியில் வைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். தினமும் காய்ச்சித் தினமும் தீர்க்கும் 15 லிட்டருக்கும், பெரிய கட்டடங்களில் நாள்கணக்கில் தேங்கும் தொட்டிக்கும் வித்தியாசம் உண்டு. இருந்தாலும் 50-இல் வைத்துப் புழங்குபவர்கள் வாரம் ஒருமுறை 60-க்கு மேல் காய விடலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் முழுதாகக் காய வைத்து, முதல் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டிவிடலாம். நுரையீரல் நோய் உள்ளவரோ வயதானவரோ இருந்தால் 60-லேயே விட்டுவிட்டு, சுவிட்ச் நேரத்தில் மட்டும் சிக்கனம் பாருங்கள்.

போர் தண்ணீர் வீடுகளில் கம்பிச் சுருளின் மேல் வெள்ளையாக உப்புப் படியும். இதனால் கரண்ட் பில் எகிறுகிறது என்று சொல்லிச் சர்வீஸ் செய்யச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரியல்ல. உப்புக்குள் சிக்கினாலும் அந்த வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. கெடுவது சுருளின் ஆயுள். தன் சூட்டை வேகமாக இறக்க முடியாமல் அது உள்ளுக்குள் கனன்று ஒருநாள் அறுந்துபோகும். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. சுருள் போனால் மாற்றுவது யார் செலவு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுவது உத்தமம்.

சூரிய ஹீட்டர்? இந்த வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் மொட்டை மாடி நம்முடையது அல்ல. வாடகைக்காரருக்குக் கிடைக்கும் சூரியன் ஏற்கெனவே மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டிதான். வெயில் நாளில் மாலை ஐந்து மணிக்கு அதிலிருந்து வரும் தண்ணீர் குளிக்கத் தேவையான சூட்டிலேயே இருக்கும். மார்கழியில் அது இராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்து ஆறி, விடியலில் 24 டிகிரியில் வரும். முந்தின மாலையே வாளியைப் பிடித்துக் குளியலறைக்குள் மூடி வைத்தால் 28-இல் நிற்கும். 40-க்கு ஏறவேண்டிய பதினாறு டிகிரியில் நான்கு, கால்வாசி, சும்மா கிடைத்துவிடுகிறது. மூடி முக்கியம், திறந்த வாளி கொசுவுக்குத் தொட்டில்.

கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழ். மதியம் குழாயில் வரும் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடியாது. அப்போது, சுவிட்ச் அணைந்த ஹீட்டரின் வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். இரவிலிருந்து குளியலறை நிழலில், காப்புறைக்குள் நின்ற தண்ணீர் அது. மாடித் தொட்டியில் 42 டிகிரி கொதிக்கும்போது இது 32-க்குள்தான் இருக்கும். அடியில் நுழையும் சூடான தண்ணீர் மேலெழுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாலும், இருபத்தைந்து லிட்டர் பீப்பாயிலிருந்து தொட்டித் தண்ணீரைவிடக் குளிர்ந்த தண்ணீர் ஒரு வாளி வரும், ஒரு யூனிட்டும் ஓடாமல். அடுத்த வாளிக்கு மட்டும் மறுநாள்வரை காத்திருக்கவேண்டும்.